நிறுத்தச் சொல்வது யார்?

நம்மவர்களுக்குத் தொடக்கத்தின் மேல் ஒரு தனி மோகம் உண்டு. வீடு கட்டக் கடைக்கால் தோண்டுவதற்கு நாள் பார்க்கிறோம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்க விஜயதசமிக்குக் காத்திருக்கிறோம். கடை திறக்க, கணக்கு எழுத, ஊருக்குப் புறப்பட, எல்லாவற்றுக்கும் நல்ல நேரம் உண்டு. ஆனால் ஒரு காரியத்தை நிறுத்துவதற்கென்று யாராவது முகூர்த்தம் வைத்து நான் பார்த்ததில்லை. "கச்சேரி முடிந்தால் மங்களம் பாடுகிறோமே?" என்று நீங்கள் கேட்கலாம். அது முடிந்த கச்சேரிக்குப் பாடுவது. பாதியில் நிறுத்த வேண்டிய கச்சேரிக்கு மங்களம் பாட எழுந்து வருகிறவர் யார்?

நான் கேட்க வந்த கேள்வி இதுதான். சந்தேகத்தின் பேரில் ஒரு காரியத்தைத் தொடங்குகிறோம். அந்தச் சமயத்தில் தொடங்கியது நியாயம்தான். இரண்டு நாள் கழித்து, நம் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று தெரிகிறது. தெரிந்தவுடன் தேடிப் போய், "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டிய கடமை யாருடையது? தொடங்கியவருடையதா? தெரிந்துகொண்டவருடையதா? அல்லது அனுபவிக்கிறவர்கள்தான் தாமாக வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஏதோ வேதாந்த விசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவிலேயே இருக்கக்கூடும். உள்ளே வெள்ளைத் தூள். கோடு வரைக்கும் கொதித்து ஆறிய நீர் ஊற்றிக் குலுக்கி வைத்த ஒரு சிறு சீசா. மூடியைத் திறந்தால் ஆரஞ்சுப் பழத்தின் போலி வாசனை. குழந்தையுள்ள வீடுகளில் இப்போது இந்தச் சீசா இல்லாத வீடு அபூர்வம். ஆன்டிபயாட்டிக் என்று அதற்குப் பெயர்.

ஒரு வயதுக் குழந்தைக்கு ஜுரம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சளி இல்லை, இருமல் இல்லை, தொண்டையும் சிவக்கவில்லை. சிறுநீரில் கிருமி இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம் தட்டுகிறது. பெரியவர்களானால் எரிச்சல், கடுப்பு என்று வாய் திறந்து சொல்லிவிடுவோம். குழந்தைக்குத் தெரிந்த பாஷை அழுகை ஒன்றுதான். சிறுநீரில் ஒரு வர்ணப் பட்டையை நனைத்துப் பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அது தருவது குறிப்புதான், தீர்ப்பு அல்ல. தீர்ப்பைச் சொல்வது கல்ச்சர் என்ற பரிசோதனை. சிறுநீரைத் தட்டில் தடவி, இளஞ்சூட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். விதை முளைக்க நாள் பிடிக்கிற மாதிரி இதற்கும் ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும்.

அதுவரைக்கும் சும்மா இருக்கலாமா? உண்மையாகவே கிருமி இருந்து, அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால், அங்கே விழும் தழும்பு வாழ்நாள் முழுவதும் மறையாமல் நிற்கக்கூடும். அதனால்தான் சந்தேகம் பலமாக இருக்கும்போது டாக்டர் முதல் நாளே மருந்தைத் தொடங்கிவிடுகிறார். புகையைக் கண்டதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை யாரும் குறை சொல்ல முடியாது. முதல் நாளில் குற்றவாளி யாரும் இல்லை.

தர்மசங்கடம் ஆரம்பமாவது மூன்றாம் நாளில். தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. கிருமி இல்லை என்று லேபிலிருந்து காகிதம் வருகிறது. அந்தக் காகிதம் எங்கே போகிறது?

என் அண்ணன் மகள் திருச்சியில் இருக்கிறாள். சென்ற வருஷம் அவள் குழந்தைக்கு இப்படித்தான் ஜுரம் வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். குழந்தை எப்போது சிறுநீர் கழிக்கும் என்று கையில் சின்ன டப்பாவுடன் ஒரு மணி நேரம் காத்திருந்து பிடித்துக் கொடுத்தாளாம். ஏழு நாளைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே ஜுரம் விட்டுவிட்டது. நான்காம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அப்படியும் அவள் விடவில்லை. வேளை தவறாமல் குழந்தையின் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி அடக்கி, பாலாடையில் ஊற்றி, அது துப்பத் துப்பப் புகட்டியிருக்கிறாள். ஆறாம் நாள் அவள் கணவர் வேறு காரியமாக அந்தப் பக்கம் போனவர், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். மூன்று நாளாக அது மேஜை அறையிலேயே இருக்கிறது. கிருமி எதுவும் வளரவில்லை என்று அச்சடித்திருக்கிறது.

அன்று இரவு அவள் எனக்குப் போன் செய்தாள்.

"சித்தப்பா, நீங்க கதை எல்லாம் எழுதறீங்களே, இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. இல்லாத கிருமிக்கு நான் ஆறு நாள் மருந்து கொடுத்திருக்கேன். மூணு நாளா அது அவங்க கையிலேயே இருந்திருக்கு. கிருமி இருக்குன்னு வந்திருந்தா போன் பண்ணியிருப்பாங்களாம். இல்லைன்னு வந்ததாலே பண்ணலையாம்."

"டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சு, இன்னும் ஒரு நாள்தானே, முடிச்சுடுங்கன்னு சொன்னார்."

அவளுக்கு அன்று நான் சொன்ன சமாதானம் முக்கியமில்லை. அவள் சொன்னதில் ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இருக்கிறது என்றால் கூப்பிடுவார்கள். இல்லை என்றால் கூப்பிட மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். லேபில் இருந்தவர் ஒழுங்காகப் பரிசோதனை செய்தார். டைப் அடித்தவர் பிழையில்லாமல் அடித்தார். நர்ஸ் அந்தக் காகிதத்தை அதற்குரிய அறையில் வைத்தாள். டாக்டர் அன்றைக்கு வந்த நோயாளிகளையெல்லாம் பார்த்தார். தாய் சொன்னபடி மருந்து கொடுத்தாள். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். நடக்க வேண்டிய ஒரே ஒரு காரியம் மட்டும் நடக்கவில்லை. ஏனென்றால் அது யாருடைய வேலையும் அல்ல.

கதை எழுதுகிறவனுக்கு வில்லன் அகப்படாவிட்டால் கஷ்டம். இந்தக் கதையில் எவ்வளவு தேடியும் வில்லன் அகப்படவில்லை. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திருத்தலாம், தண்டிக்கலாம். நல்லவர்கள் ஐந்து பேர் வரிசையாக நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் யாரைத் தண்டிப்பது? செய்த பிழைக்குச் சாட்சி உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு. செய்யாமல் விட்ட பிழைக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனாலேயே நம் மனச்சாட்சி அதைப் பிழையென்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கொஞ்சம் நம் வீடுகளுக்குள்ளேயே வந்து பார்ப்போம். ஒரு வீட்டில் மோதிரம் காணாமற்போகிறது. வேலைக்காரியின் மேல் சந்தேகம். சந்தேகத்தைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லியாகிறது. நான்காம் நாள் மோதிரம் தலையணை உறைக்குள் அகப்படுகிறது. அன்றைக்கும் அதே வீட்டம்மாள் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் போய், "அவள் எடுக்கவில்லை, மோதிரம் கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வருகிறாளா? மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்வதோடு அவள் காரியம் முடிந்துவிடுகிறது. சந்தேகத்துக்குக் கால் இருக்கிறது. தெருத் தெருவாகப் போகிறது. நிரபராதி என்ற செய்தி மட்டும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. 'இல்லை' என்ற செய்தியை எடுத்துப் போக மனிதர்கள் புறப்படுவதில்லை. லேப் காகிதத்துக்கும் இதே கதிதான்.

இது நம் ஊர் அலட்சியம் மட்டும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் கொலம்பஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே நேஷன்வைடு சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரி என்ற பெரிய குழந்தைகள் மருத்துவமனை. பணத்துக்கோ யந்திரத்துக்கோ படித்த ஆட்களுக்கோ அங்கே குறைவில்லை. அவசரத்துக்கு வருகிற குழந்தைகளைப் பார்க்க அதற்குக் கிளைகளும் உண்டு. சிறுநீரில் கிருமி என்று சந்தேகித்து மருந்து தொடங்கி, பிறகு இல்லை என்று ரிப்போர்ட் வந்த குழந்தைகள் எத்தனை பேருக்கு மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம் என்று அங்கேயுள்ள டாக்டர்கள் தங்களையே சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 4 என்று கணக்கு வந்தது. மீதி 96 வீடுகளிலும் தாய்மார்கள் இல்லாத கிருமிக்கு மருந்து புகட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரிப்போர்ட் வந்ததும் அதைப் பார்ப்பது, கிருமி இல்லையென்றால் குழந்தையின் வீட்டாருக்குச் சொல்லி மருந்தை நிறுத்துவது என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். அது விடாமல் நடக்கிறதா என்று கணக்கும் வைத்தார்கள். அவ்வளவுதான். நூற்றுக்கு 4 என்பது நூற்றுக்கு 84 ஆயிற்று. எழுதிக் கொடுத்த 8,648 நாள் மருந்தில் 3,429 நாள் மருந்து குழந்தைகளின் வயிற்றுக்குள் போகாமல் மிச்சமாயிற்று. 2017-ம் ஆண்டில் இதை ஒரு குழந்தை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

இந்தக் கணக்கில் என்னைக் கவர்ந்தது 84 அல்ல, 4 தான். தாங்கள் செய்யாமல் விட்டதை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தார்களே, அது பெரிய காரியம். எத்தனை பேருக்கு உதவினோம் என்று கணக்கெடுக்காத ஸ்தாபனம் கிடையாது. எத்தனை பேருக்குச் சொல்லாமல் விட்டோம் என்று கணக்கெடுக்கத் தனியாக ஒரு நேர்மை வேண்டும்.

"இவ்வளவு பெரிதுபடுத்துவானேன்? நாலு நாள் அதிகமாக மருந்து சாப்பிட்டால் குடி முழுகிவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். இல்லாத எதிரியைக் கொல்லப் புறப்பட்ட சேனை வெறுங்கையோடு திரும்புவதில்லை. வழியிலுள்ள ஊரையாவது சூறையாடிவிட்டுத்தான் வரும். குழந்தையின் குடலில் நமக்கு நன்மை செய்துகொண்டு குடியிருக்கும் கோடிக்கணக்கான உயிர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவற்றில் சாதுவானவை மடிகின்றன. மருந்துக்கு ஈடு கொடுக்கக் கற்றவை பிழைத்துப் பெருகுகின்றன. நாளைக்கு உண்மையாகவே வியாதி வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தார்கள் என்று 2022-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்த மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் ஐந்தில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தச் சின்னச் சீசாவில் மிஞ்சியிருக்கும் நாலு கரண்டி மருந்து இந்தப் பெரிய கணக்கில் ஒரு துளிதான். ஆனால் துளிகள் சேராமல் ஏது வெள்ளம்?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. "ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினால் முழுக்க முடிக்க வேண்டும், பாதியில் விடக் கூடாது என்று டாக்டர்களே சொல்லிச் சொல்லி எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். இப்போது நிறுத்து என்றால் எதை நம்புவது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945 டிசம்பர் 11-ம் தேதி தம்முடைய நோபல் சொற்பொழிவை முடிக்கும்போது ஒரு குட்டிக் கதை சொன்னார். பெயரில்லாத ஒரு மனிதருக்குத் தொண்டை வலி. பென்சிலின் வாங்கித் தாமே சாப்பிடுகிறார். ஆனால் கிருமி சாகிற அளவுக்குச் சாப்பிடவில்லை; எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்கிற அளவுக்குத்தான் சாப்பிட்டார். அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. பென்சிலின் கொடுக்கிறார்கள், பலிக்கவில்லை, அந்த அம்மாள் இறந்துபோகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று பிளெமிங் சபையைப் பார்த்துக் கேட்டார். கணவர்தான் என்று பதிலையும் அவரே சொன்னார்.

கதை எழுதும் தொழிலில் இருக்கும் எனக்கே பொறாமை உண்டாக்கும் கதை அது. அந்தக் காலத்திலிருந்து நமக்குச் சொல்லப்பட்டு வரும் நீதி, அரைகுறையாகச் சாப்பிடாதே என்பது. ஆனால் அது வியாதி உள்ளவனுக்குச் சொன்ன நீதி. வியாதியே இல்லையென்று பரிசோதனையில் தெரிந்த பிறகு முழுமை ஏது, அரைகுறை ஏது? தப்பான ரயிலில் ஏறிவிட்டோம் என்று அடுத்த ஸ்டேஷனில் தெரிகிறது. டிக்கெட் வாங்கியாயிற்றே என்று கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகிறவனை விடாமுயற்சி உள்ளவன் என்றா சொல்வோம்? வியாதி உள்ளவர்களுக்கும்கூட எத்தனை நாள் மருந்து உண்மையில் வேண்டும் என்பதை மருத்துவ உலகம் இப்போது மறுபடியும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. முடிப்பதே புண்ணியம் என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கிறது.

பிளெமிங்கின் கதையில் கணவரைக் கைகாட்டிவிடலாம். என் அண்ணன் மகள் கதையில் யாரைக் காட்டுவது? இந்த இடத்தில் எனக்குப் பாரதத்தின் கடைசிக் கட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அசுவத்தாமன் பிரம்மாஸ்திரத்தை ஏவினான். அதற்கு எதிராக அர்ஜுனனும் ஏவினான். உலகம் எரிந்துவிடும் என்று நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நின்று, இருவரையும் திரும்பப் பெறச் சொன்னார்கள். அர்ஜுனன் திரும்பப் பெற்றுக்கொண்டான். அசுவத்தாமனுக்கு அது முடியவில்லை. ஏவத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு அடக்கத் தெரியவில்லை. அந்த அஸ்திரம் கடைசியில் போய் விழுந்த இடம் எது? உத்தரையின் வயிற்றிலிருந்த, இன்னும் பிறக்காத குழந்தையின் மேல்.

இருவரும் அஸ்திரம் ஏவியவர்கள்தான். ஏவியதை வைத்து இருவருக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. திரும்பப் பெற்றதிலும் பெறாததிலும்தான் வித்தியாசம். நல்ல வைத்தியத்துக்கும் வெறும் வைத்தியத்துக்கும் உள்ள தூரமும் அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. தொடங்கியவர் எவரோ அவருக்கே நிறுத்தும் கடமையும் உண்டு. அவரால் ஒவ்வொரு காகிதத்தையும் பார்க்க முடியாது என்றால், தம் பெயரால் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமிக்கும் கடமையாவது உண்டு. சீட்டில் கையெழுத்துப் போட்டவுடன் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. மருந்து குழந்தையின் உடம்பில் போய்க்கொண்டிருக்கும் வரையில் அது அவர் மேல்தான் இருக்கிறது.

டாக்டர்களின் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு மாலையில் நூறு பேரைப் பார்க்கிறவர், மூன்று நாளைக்கு முன்பு வந்துபோன குழந்தையை நினைவு வைத்துக்கொள்வது கடினம். தாம் கொடுத்த மருந்தைத் தாமே நிறுத்தச் சொன்னால் ஜனங்கள் தம் கெட்டிக்காரத்தனத்தைச் சந்தேகிப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கலாம். அந்தக் கூச்சம் அவசியமில்லாதது. "சந்தேகப்பட்டேன், பார்த்தேன், இல்லை என்று தெரிந்தது, நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லும் டாக்டரிடம்தான் எந்தத் தாயும் மறுபடி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

சர்க்கார் செய்ய வேண்டியது என்று சிலர் சொல்லக்கூடும். சர்க்கார் தன்னால் ஆனதைச் செய்யாமலில்லை. சில முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனியாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று 2014 மார்ச் மாதத்திலிருந்து நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் வாங்காதே என்பதற்கு அடையாளமாக மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடும் இருக்கிறது. இவை யாவும் தொடக்கத்துக்குக் காவல். முறைப்படி தொடங்கிவிட்ட மருந்தை மூன்றாம் நாள் நிறுத்தச் சொல்வதற்குச் சட்டம் போட்டுக் காவல் வைக்க முடியாது. அது மனிதனுக்கு மனிதன் செய்ய வேண்டியது.

பெற்றோருக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஜுரம் விட்டுவிட்டது என்றோ, இந்தக் கட்டுரையைப் படித்தோம் என்றோ நீங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஜுரம் விடுவது ஒன்று. கிருமி இல்லை என்று தெரிவது வேறு. சில சமயம் வேறு காரணத்துக்காக மருந்து தொடர வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் அறிவார். உங்களால் முடிந்தது கேட்பது. சீசாவைக் கையில் வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட் என்றைக்கு வரும்? அதை எங்களுக்கு யார் சொல்வார்கள்? கிருமி இல்லை என்று வந்தால் மருந்தை நிறுத்திவிடலாமா? பதிலைச் சீட்டின் மூலையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போன் வராவிட்டால் நீங்களே போன் செய்யுங்கள். டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. தனக்காக ஒரு சொல்லும் பேசத் தெரியாத உயிர் ஒன்று நம் மடியில் கிடக்கும்போது அந்த மரியாதையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

குழந்தையின் வாயில் நாம் ஊற்றுவதை அது நம்பி விழுங்குகிறது. துப்பினாலும் விடாமல் ஊற்றுகிறோம். அதன் நன்மைக்கென்று ஊற்றுகிறோம். அந்த நம்பிக்கைக்கு நாம் பட்டிருக்கும் கடன் மருந்தைத் தொடங்கிய நாளோடு அடைபடுவதில்லை. இனி வேண்டாம் என்று எங்கோ ஒரு காகிதத்தில் அச்சாகியிருந்தால், அதை எடுத்து, ஒரு எண்ணைச் சுழற்றி, "அம்மா, உங்கள் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, மருந்தை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். கேட்கிற தாய்க்கு அதைவிட நல்ல சேதி வேறு எது இருக்க முடியும்? அதைச் சொல்வதற்கு ஏன் ஆளில்லாமல் போக வேண்டும்?